திருச்சி – யாழ்ப்பாணம்: வானில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? நீங்களே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் வான்வழியில் 184 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து கோவை விமான நிலையமும் நேர்கோட்டில் ஏறத்தாழ இதே தூரம்தான். இந்தத் தடத்தில் பறக்கும் சிறு விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் 22 நிமிடம் வருகிறது. டிக்கெட்டில் ஒரு மணி நேரம் என்று அச்சாகியிருக்கிறது. திருச்சி தில்லைநகரில் வீட்டுக் கதவைப் பூட்டுவதிலிருந்து யாழ்ப்பாண நகரில் இறங்குவது வரை கணக்கெடுத்தால் ஐந்து மணி நேரத்தையும் தாண்டிவிடுகிறது.

இந்த எண்கள் எதுவும் பொய்யில்லை. எதை எங்கிருந்து எதுவரை அளக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. இணையத்தில் உள்ள ‘விமானத் தூரக் கணிப்பான்’கள் பலவும் இதைச் சொல்லாமல் ஒரே ஓர் எண்ணை நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிட்டால் அவதிப்படப்போவது நீங்கள்தான். ஒரு தாளும் கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரும் போதும். எந்த இரு விமான நிலையங்களுக்கும் இடையேயான தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்கிடலாம். திருச்சி–பலாலித் தடத்தை உதாரணமாக வைத்து ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில் தடத்தைப் பற்றிக் கொஞ்சம். பலாலி இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படைக்காக அமைக்கப்பட்ட தளம். 1947 டிசம்பர் 10 அன்று இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பை அடுத்த ரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறை என்று அன்று அழைக்கப்பட்ட இதே தளத்தில் இறங்கி, சென்னைக்குப் போனது. பிறகு இலங்கையில் உள்நாட்டுப் போர் வந்தது. பொதுமக்களுக்கான பன்னாட்டுச் சேவை பல பத்தாண்டுகள் இல்லாமல் போயிற்று. 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையமாக மறுபடி திறந்தார்கள். அடுத்த ஆண்டே கொரோனா அதை மூட வைத்தது. சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் 2022 டிசம்பரில் திரும்பி வந்தது. திருச்சியிலிருந்து நேரடிச் சேவையை இண்டிகோ 2025 மார்ச் 30 அன்று தொடங்கியது.

படி 1: இரு நிலையங்களின் இருப்பிடத்தைச் சரியாக எடுத்தல்

கணக்கு பிசகுவது பெரும்பாலும் இங்கேதான். ‘திருச்சி’ என்று தேடினால் வரைபடம் மலைக்கோட்டையையோ மாநகராட்சியின் நடுப்புள்ளியையோ காட்டும். விமான நிலையம் மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தள்ளி, புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. ‘யாழ்ப்பாணம்’ என்று தேடினால் நகரம் வரும். பலாலியோ நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டரில், கடலோரத்தில் இருக்கிறது. நீண்ட பயணத்தில் இந்தப் பிசகு தெரியாது. 184 கிலோமீட்டரில் நன்றாகவே தெரியும்.

எனவே நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைக் கொண்டு தேடுங்கள். திருச்சிக்கு டிஆர்இசட், யாழ்ப்பாணத்துக்கு ஜேஏஎஃப். டிக்கெட்டிலும் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் இருப்பது இதே குறியீடுதான். கிடைக்கும் எண்கள் இவை:

திருச்சி: அட்சரேகை 10.765 வடக்கு, தீர்க்கரேகை 78.710 கிழக்கு.
பலாலி: அட்சரேகை 9.792 வடக்கு, தீர்க்கரேகை 80.070 கிழக்கு.

சில இடங்களில் இதையே பாகை, நிமிடம், நொடியாக எழுதியிருப்பார்கள். திருச்சியின் அட்சரேகை அப்படி எழுதினால் 10 பாகை 45 நிமிடம் 55 நொடி. இதைப் பார்த்த வேகத்தில் 10.4555 என்று தட்டிவிடுவது வழக்கமாக நேரும் தவறு. ஒரு பாகைக்கு அறுபது நிமிடம். ஆகவே 45-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும், 55-ஐ 3600-ஆல் வகுக்க வேண்டும், இரண்டையும் 10-உடன் கூட்ட வேண்டும். அப்படிச் செய்தால்தான் 10.765 வரும். செய்யாவிட்டால் திருச்சி விமான நிலையம் 34 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்து புதுக்கோட்டைப் பக்கம் போய் உட்கார்ந்துவிடும்.

படி 2: நேர்கோட்டுத் தூரம்

பூமி உருண்டை என்பதால் இதற்கு முக்கோணவியல் சூத்திரங்கள் உண்டு. ஆனால் சில நூறு கிலோமீட்டருக்குள், அதுவும் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் பகுதியில், பள்ளிக்கூடத்துப் பித்தாகரஸ் தேற்றமே போதும்.

அட்சரேகையில் ஒரு பாகை என்பது எங்கே நின்றாலும் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் ஒரு பாகை நிலநடுக்கோட்டில்தான் 111 கிலோமீட்டர். வடக்கே போகப் போகக் குறுகும். எவ்வளவு குறுகும் என்பதை அந்த அட்சரேகையின் கோசைன் சொல்லும். நம் பகுதிக்கு மூன்று எண்களை நினைவில் வைத்தால் போதும்: 8 பாகையில் 0.990, 10 பாகையில் 0.985, 13 பாகையில் 0.974. கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரை இவற்றுக்குள் அடங்கிவிடும்.

இப்போது கணக்கு:

வடக்கு–தெற்கு வேறுபாடு: 10.765 − 9.792 = 0.973 பாகை. 111-ஆல் பெருக்கினால் 108 கி.மீ.

கிழக்கு–மேற்கு வேறுபாடு: 80.070 − 78.710 = 1.360 பாகை. 111-ஆலும், இரு ஊர்களின் நடு அட்சரேகைக்குரிய 0.984-ஆலும் பெருக்கினால் 148.5 கி.மீ.

108-இன் வர்க்கம் 11,664. 148.5-இன் வர்க்கம் 22,052. கூட்டினால் 33,716. வர்க்கமூலம் எடுத்தால் 183.6. ஆக 184 கிலோமீட்டர்.

விமானிகள் கடல்மைலில் பேசுவார்கள். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால் இது 99 கடல்மைல். சாதாரண மைலில் 114. கடல்மைலையும் சாதாரண மைலையும் குழப்பிக்கொண்டு ‘தூரம் தளத்துக்குத் தளம் மாறுகிறதே’ என்று புகார் சொல்பவர்கள் நிறையப் பேர். எண்ணுக்குப் பக்கத்தில் எந்த அளவை எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

திருச்சி–லண்டன் போன்ற தூரங்களுக்கு இந்தச் சுருக்குவழி உதவாது. அங்கே பூமியின் வளைவைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்; அதற்குக் கணிப்பான்களையே பயன்படுத்துங்கள். தூரத்தைப் பொறுத்தவரை அவை நம்பத்தக்கவை. நேரத்தைச் சொல்லத் தொடங்கும்போதுதான் சறுக்குகின்றன.

படி 3: கோட்டை வரைபடத்தில் வைத்துப் பார்த்தல்

எண்ணோடு நிற்காமல் வரைபடத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். திருச்சியிலிருந்து தென்கிழக்காகக் கிளம்பும் கோடு கந்தர்வகோட்டையை ஒட்டிப் போய், பட்டுக்கோட்டைக்குச் சற்றுத் தெற்கே கடந்து, மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையே கடலில் இறங்குகிறது. அதுவரை சுமார் 85 கிலோமீட்டர் நிலம். மீதி நூறு கிலோமீட்டரும் பாக் நீரிணை. கரை தெரிந்ததும் பலாலி. ஓடுபாதை கடலுக்கு அவ்வளவு பக்கம்.

விமானம் இந்தக் கோட்டின் மேலேயே பறக்குமா என்றால், பறக்காது. காரணம் ஓடுபாதைகளின் திசை. ஓடுபாதைக்கு இடப்படும் எண், அது நோக்கும் திசைப் பாகையின் பத்தில் ஒரு பங்கு. திருச்சியின் ஓடுபாதை 09/27, அதாவது கிழக்கு–மேற்கு. பலாலியுடையது 05/23, வடகிழக்கு–தென்மேற்கு. விமானம் எப்போதும் எதிர்க்காற்றில் ஏறவும் இறங்கவும் விரும்பும். ஆடி மாதத்தில் மேற்குக் காற்று அடிக்கும்போது திருச்சியில் மேற்கு நோக்கி எழும்பி, பிறகு வளைந்து திரும்பித்தான் தென்கிழக்கே போக வேண்டும். அதே பருவத்தில் பலாலியில் சோழகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும். அப்போது விமானம் வடகிழக்குப் பக்கம் கடலுக்கு மேலே சுற்றிப்போய்த் தென்மேற்கு நோக்கி இறங்கும். வாடைக்காலத்தில் எல்லாம் தலைகீழ்.

இவை தவிர, நடுவழியில் சென்னைக் கட்டுப்பாட்டு மையம் விமானத்தைக் கொழும்பு மையத்திடம் ஒப்படைக்கிறது. வான்வெளி மாறும் இடத்தில் அவர்கள் சொல்லும் பாதையில், சொல்லும் உயரத்தில்தான் போக முடியும். எனவே இத்தகைய குறுந்தடங்களுக்கு நேர்கோட்டுத் தூரத்துடன் 20 முதல் 40 கிலோமீட்டர் வரை சேர்த்துக்கொள்வேன். நாம் 30 சேர்ப்போம். பறக்கும் தூரம் 214 கி.மீ.

படி 4: எந்த விமானம் என்று பார்த்தல்

நேரக் கணக்கின் உயிர்நாடி இதுதான். டிக்கெட் எடுக்கும் பக்கத்திலேயே விமான வகை எழுதியிருக்கும். பலரும் அதைக் கவனிப்பதே இல்லை. இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72. இரண்டு சுழல்விசிறிகள் கொண்ட விமானம். இண்டிகோவின் ஏடிஆரில் 78 இருக்கைகள். அதன் பயண வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டியது. ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் 800-ஐத் தாண்டும்.

பலாலிக்கு ஏன் ஜெட் வருவதில்லை? 2019-இல் சீரமைத்துத் திறந்த ஓடுபாதை 1,400 மீட்டர் நீளம். நிறையப் பயணிகளை ஏற்றிய ஏ320-ஐ அதில் அன்றாடம் இறக்கி ஏற்றுவது நடக்காத காரியம். ஏடிஆருக்கு அந்த நீளம் போதும். திருச்சியின் ஓடுபாதை கிட்டத்தட்ட 2,500 மீட்டர். ஆனால் இரண்டில் சிறியதுதான் எந்த விமானம் வரும் என்பதை முடிவு செய்கிறது.

தூரக் கணிப்பான்கள் சறுக்குவதும் இங்கேதான். அவற்றில் பல, உலகின் எல்லாத் தடங்களிலும் ஜெட்தான் பறக்கிறது என்று வைத்துக்கொண்டு 800-ஆல் வகுக்கின்றன. 184-ஐ 800-ஆல் வகுத்தால் 14 நிமிடம் வரும். பலாலி ஓடுபாதையின் நீளம் அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

படி 5: வானில் இருக்கும் நேரம்

விமானம் தன் முழு வேகத்தில் பறப்பது பயணத்தின் நடுப்பகுதியில் மட்டும்தான். ஏறும்போது மெதுவாகப் போகும். இறங்குவதற்கு முன்னும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும். 214 கிலோமீட்டரைத் துண்டு துண்டாகப் பிரித்தால் படம் தெளிவாகும். கீழே உள்ளவை என் தோராயக் கணக்கு. ஒவ்வொரு நாளும் காற்றையும் எடையையும் பொறுத்து இரண்டு மூன்று நிமிடம் முன்பின் ஆகும்.

ஏறுதல்: ஏடிஆர் 25,000 அடி வரை ஏற வல்லது. ஆனால் இவ்வளவு குறுகிய பயணத்தில் அங்கே ஏறிச் சேர்வதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். 13,000 அடி என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1,300 அடி வீதம் ஏறினால் 10 நிமிடம். அப்போதைய வேகம் மணிக்கு 315 கி.மீ. அளவில் இருக்கும். கடக்கும் தூரம் 52 கி.மீ.

இறங்குதல்: ஏறத்தாழ 9 நிமிடம், 60 கி.மீ.

ஓடுபாதையை நெருங்கி, சக்கரங்களை இறக்கி, கடைசிச் சுற்று வருதல்: 5 நிமிடம், 20 கி.மீ.

மிச்சம் 82 கி.மீ. அதைத்தான் முழு வேகத்தில் கடக்கிறது. மணிக்கு 480 என்று வைத்தால் 10 நிமிடம்.

கூட்டினால் 34 நிமிடம். பணிப்பெண்கள் தண்ணீர் கொடுத்துவிட்டுக் குப்பையை வாங்க வரும்போதே விமானம் தலைகுனியத் தொடங்கியிருக்கும்.

காற்றின் பங்கு இங்கே சொற்பம். மணிக்கு 40 கி.மீ. எதிர்க்காற்று பயணம் முழுக்க அடித்தாலும் நான்கு நிமிடத்துக்குமேல் கூடாது.

படி 6: டிக்கெட் நேரம்

டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு நேரம், சக்கரங்கள் தரையை விட்டு எழும் நேரம் அல்ல. கதவை மூடி, விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கும் நேரம் அது. வருகை நேரம் என்பது அடுத்த ஊரில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் நேரம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதைத் துறையில் பிளாக் டைம் என்கிறார்கள்.

திருச்சியில் நகர்ந்து ஓடுபாதை முனைக்குப் போய் முறை வரும்வரை நிற்க 8 நிமிடம். பலாலியில் இறங்கி நிறுத்துமிடம் சேர 5 நிமிடம். 34-உடன் சேர்த்தால் 47. டிக்கெட்டில் உள்ள மீதிப் பதின்மூன்று நிமிடம் நிறுவனம் வைத்துக்கொள்ளும் கையிருப்பு. கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினாலும் ‘சரியான நேரத்தில் வந்தது’ என்று கணக்குக் காட்ட அது உதவும். ‘பத்து நிமிடம் முன்னதாகவே தரையிறங்கிவிட்டோம்’ என்ற அறிவிப்பின் இரகசியமும் அதுவே.

ஒவ்வொரு முறையும் இவ்வளவு நீளமாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. குறுந்தடங்களுக்கு நான் பயன்படுத்தும் சுருக்கம் இது: நேர்கோட்டுத் தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். ஏடிஆர் என்றால் 500, ஜெட் என்றால் 800.

சோதித்துப் பார்ப்போம். சென்னை–பலாலி 356 கி.மீ., ஏடிஆர். 43 நிமிடத்துடன் 30 கூட்டினால் 73. அட்டவணையில் ஒன்றே கால் மணி நேரம். திருச்சி–கொழும்பு (கட்டுநாயக்கா) 418 கி.மீ., ஜெட். 31 நிமிடத்துடன் 30 கூட்டினால் 61. அட்டவணையும் ஒரு மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது.

இதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். கொழும்பு, பலாலியைவிட இருமடங்குக்கும் அதிகமான தூரம். நேரமோ கிட்டத்தட்ட ஒன்றுதான். ‘தூரம் பாதி, நேரமும் பாதி’ என்ற எதிர்பார்ப்பு குறுந்தடங்களில் உடைந்துபோகிறது. அந்த நிலையான அரை மணி நேரம் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது.

திருச்சி–பலாலிக்கு 22 உடன் 30 கூட்டினால் 52. டிக்கெட்டில் அதை 60 ஆக்கியிருக்கிறார்கள். இடையே எல்லை மாறுவதாலும் வான்வெளி கைமாறுவதாலும் கூடுதல் கையிருப்பு வைப்பது நியாயம்தான்.

நேர மண்டலத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இந்தியாவும் இலங்கையும் இப்போது ஒரே நேரத்தைப் பின்பற்றுகின்றன. எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1996-இல் இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. பிறகு அரை மணி குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் மறுபடி இந்திய நேரத்துக்கே வந்தது. இன்று இரண்டு நேரங்களையும் அப்படியே கழித்தால் போதும். சிங்கப்பூர், துபாய் என்று போகும்போது கழிப்பதற்கு முன் யோசியுங்கள்.

படி 7: வீட்டிலிருந்து வீடு வரை

இங்கேதான் பயணத்தின் பெரும்பகுதி கழிகிறது. கணிப்பான் எதுவும் இதைத் தொடாது.

பன்னாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். கவுன்ட்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். சரியான நேரம் உங்கள் டிக்கெட்டில் இருக்கும். 78 பேர் மட்டுமே போகும் விமானம் என்பதால் கவுன்ட்டர் வரிசை பெரிதாக இருக்காது. குடியேற்ற வரிசைக்கு அந்த உத்தரவாதம் இல்லை. திருச்சி, உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் வந்துபோகும் நிலையம். உங்கள் விமானத்தை ஒட்டிச் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ ஒரு பெரிய விமானம் இருந்தால் அந்தக் கூட்டமும் உங்களுக்கு முன்னால் நிற்கும். புறப்பாட்டுப் பட்டியலை முந்தின நாள் ஒரு பார்வை பார்த்துவைப்பது நல்லது. 2024 ஜூனில் புதிய முனையத்துக்கு மாறியபின் இடநெருக்கடி குறைந்திருக்கிறது. இரண்டரை மணி நேரம் முன்பு போனால் போதும் என்பது என் கருத்து. முதல் முறை போகிறவர்கள் மூன்று மணி நேரமே வைத்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். இலங்கை நுழைவு அனுமதி விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் எடுக்கும் முன் இலங்கைக் குடிவரவுத் திணைக்களத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தைப் பாருங்கள். இடைத்தரகர் தளங்கள் அதே போன்ற பெயரில் இருக்கும், கூடுதல் கட்டணம் வாங்கும்.

இப்போது கூட்டல். தில்லைநகரிலிருந்து விமான நிலையம்: அரை மணி. நிலையத்துக்குள்: இரண்டரை மணி. பயணம்: ஒரு மணி. பலாலியில் குடிவரவும் சுங்கமும்: முக்கால் மணி. யாழ்ப்பாண நகரத்துக்கு வேனிலோ ஆட்டோவிலோ: முக்கால் மணி. மொத்தம் ஐந்தரை மணி நேரம். இதில் வானில் இருந்தது 34 நிமிடம், பத்தில் ஒரு பங்கு.

தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சாலை நேரத்தையும் சேர்க்க வேண்டும். வெளியூர்ப் பேருந்தில் வந்தால், எந்த நிலையத்தில் இறக்கிவிடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பஞ்சப்பூர்ப் பேருந்து முனையம் திறந்தபின் பல பேருந்துகள் நகருக்குள் வருவதில்லை.

ஐந்தரை மணி நேரம் அதிகம் என்று தோன்றினால் மாற்று வழிகளோடு ஒப்பிடுங்கள். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஏறத்தாழ 110 கிலோமீட்டர் கடல். நான்கு மணி நேரப் பயணம். திருச்சியிலிருந்து நாகைக்கு மூன்று மணி நேரத்துக்குமேல் சாலை, துறைமுகச் சோதனைகள் எல்லாம் சேர்த்தால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். வானிலை கெட்டால் கப்பல் நின்றுவிடும். சுமை அதிகம், அவசரமில்லை, கடல் பிடிக்கும் என்றால் அது நல்ல வழி. கொழும்பு வழியாகப் போனால் விமானத்தில் அதே ஒரு மணி நேரம்தான்; அதற்கப்புறம் வடக்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தரைவழி. கொழும்பில் வேலை இல்லாதவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை.

படி 8: ஏடிஆரில் இருக்கை பார்த்தல்

நேரத்தோடு தொடர்புடையது என்பதால்தான் இதைச் சேர்க்கிறேன். ஏடிஆர் 72-இல் பயணிகள் ஏறி இறங்கும் கதவு பின்பக்கம், இடதுபுறத்தில் இருக்கிறது. முன்பக்கக் கதவு சரக்குக்கு. பெரிய விமானத்துப் பழக்கத்தில் முன்வரிசையைக் காசு கொடுத்து வாங்கினால் கடைசி ஆளாக இறங்கிக் குடிவரவு வரிசையின் வாலில் நிற்க வேண்டியிருக்கும். பின்வரிசை எடுத்தவர் முதல் ஆளாக வெளியே வந்துவிடுவார்.

இறக்கை உடம்புக்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதால் எந்த ஜன்னலிலும் கீழே பார்வை மறைக்காது. விசிறிகளின் இரைச்சல் முன்வரிசைகளில்தான் அதிகம். மதியம் போகும் பயணத்தில் வெயில் வலப்பக்கம் விழும். இடப்பக்கம் உட்கார்ந்தால் நிழலும் கிடைக்கும், தெளிந்த நாளில் வேதாரண்யத்துச் சதுப்பும் கோடியக்கரை முனையும் தெரியலாம். வலப்பக்கக்காரர்களுக்கு இறங்கும்போது காரைநகரும் தீவுகளும்.

தலைக்கு மேலுள்ள பெட்டிவைப்பு சிறியது. பெரிய சக்கரப் பெட்டியைக் கைப்பையாகக் கொண்டுவந்தால் படிக்கட்டருகே வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பிவிடுவார்கள். மருந்து, ஆவணம், நகை இவற்றைத் தனிச் சிறு பையில் வைத்திருங்கள்.

படி 9: போட்ட கணக்கைச் சரிபார்த்தல்

ஃபிளைட்ரேடார்24 போன்ற விமானத் தடம் காட்டும் செயலிகளில் விமான எண்ணைத் தட்டினால் கடந்த ஒரு வாரப் பயணங்கள் வரிசையாக வரும். அதில் திட்டமிட்ட நேரம், உண்மையில் எழும்பிய நேரம், தரையிறங்கிய நேரம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். எழும்பியதற்கும் இறங்கியதற்கும் இடையே உள்ளதுதான் நாம் படி 5-இல் போட்ட எண். ஒரே ஒரு நாளைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஏழெட்டு நாளைப் பார்த்து நடுவில் வருவதை எடுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை நிமிடம் தாமதமாகக் கிளம்பியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்களைப் பாதிக்கப்போவது அதுதான். ஏடிஆர்கள் ஒரே நாளில் பல ஊர்களுக்குப் பறப்பவை. காலையில் வேறெங்கோ பிடித்த தாமதம் மதியம் திருச்சிக்கு வந்து சேரும்.

ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் முந்தின நாளே அறிவிப்புகளைக் கவனியுங்கள்.

வேறு தடங்களுக்கு

இதே முறையைத் தூத்துக்குடிக்குப் பொருத்திப் பார்த்தால் சுவையான ஒரு முடிவு கிடைக்கிறது. தூத்துக்குடி (8.724, 78.026), சென்னை (12.994, 80.171). கணக்கிட்டால் 528 கி.மீ. அங்கே ஓடுபாதை நெடுங்காலம் சுமார் 1,350 மீட்டராகவே இருந்ததால் சுழல்விசிறி விமானங்கள் மட்டும் வந்துபோயின. 528-ஐ 500-ஆல் வகுத்து அரை மணி கூட்டினால் 93 நிமிடம். இப்போது ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்தாயிற்று. அதே தடத்தில் ஜெட் பறந்தால் 40 கூட்டல் 30, எழுபது நிமிடம். மிச்சமாவது 23 நிமிடம். ஓடுபாதை நீண்டதன் உண்மையான பலன் நேரத்தில் இல்லை. 78 இருக்கைக்குப் பதில் 180 இருக்கை என்பதில் இருக்கிறது.

1947-இல் ஏர் சிலோன் பறக்கவிட்ட டகோட்டா என்ற பழைய சுழல்விசிறி விமானத்தைக் கூட இந்தக் கணக்கில் ஏற்றிப் பார்க்கலாம். அதன் வேகம் மணிக்குச் சுமார் 300 கி.மீ. பலாலி–சென்னை 356 கிலோமீட்டருக்கு 71 நிமிடமும் அரை மணியும். இன்றைய ஏடிஆரைவிட அரை மணி நேரம்கூட அதிகமில்லை.

தொடர்பயணம் இருந்தால்

பலாலியிலிருந்து திருச்சிக்குத் திரும்பி அன்றே ரயிலோ பேருந்தோ பிடிக்கிறவர்கள் வருகை நேரத்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். குடியேற்றத்துக்கு அரை மணி, பெட்டி வரவும் சுங்கச் சோதனைக்கும் முக்கால் மணி, திருச்சி சந்திப்புக்கு அரை மணி. இது ஒன்றே முக்கால் மணி நேரம். படி 9-இல் குறித்த தாமதங்களில் மிகப் பெரியதை அதன்மேல் கூட்டுங்கள். வரும் எண்ணுக்குப் பிறகு கிளம்பும் ரயிலுக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள். விமானமும் ரயிலும் தனித்தனி டிக்கெட் என்பதால், ஒன்று தாமதமாகி மற்றொன்று தவறினால் ரயில் டிக்கெட்டின் பணத்தை விமான நிறுவனம் திருப்பித் தராது.